குறைந்த காசில் நிறைவான பீரோ: வேலைக்குப் போகும் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பதினேழு வருடமாகப் பெண்களுக்குத் தைக்கிறேன். அளவு எடுத்து முடித்ததும் யாரும் உடனே கிளம்புவதில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று உட்காருவார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், டீச்சர்கள், குழந்தை பெற்று மறுபடி ஆபீஸ் கிளம்புகிறவர்கள் என்று யார் வந்தாலும் கேள்வி ஒன்றையேதான் சுற்றி வரும்: கையில் இருக்கிற காசுக்கு, தினமும் மதிப்பாக உடுத்த என்ன எடுப்பது? அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை எழுதியிருக்கிறேன். விலைகள் எங்கள் ஊர்க் கடைகளில் நான் பார்ப்பவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

அக்கா, முதல் வேலை. மொத்தமா எத்தனை டிரஸ் இருந்தா போதும்?

வாரத்துக்கு இரண்டு முறை துவைக்க முடியும் என்றால் ஐந்து டாப்ஸ், மூன்று பேன்ட், இரண்டு ஷால், இரண்டு காட்டன் சேலை, அதற்கு இரண்டு பிளவுஸ். முதல் ஆறு மாதத்துக்கு இது தாராளம். ஐந்து டாப்ஸும் மூன்று பேன்ட்டோடும் சேர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அப்படிச் சேர்ந்தால் பதினைந்து விதமாகப் போடலாம். சேராவிட்டால் ஐந்து ஐந்தாகவே நிற்கும்.

செட்டாகக் கிடைக்கும் சுடிதாரில் இதுதான் சிக்கல். டாப்ஸ் சாயம் போனால் பேன்ட்டும் ஷாலும் நன்றாக இருந்தும் மூலைக்குப் போய்விடும். அதனால் முதல் சம்பளம் வரும்வரை செட் பக்கம் போகாதீர்கள்.

"பேசிக்ஸ்"னா வெள்ளையும் கறுப்புமா? அது நமக்கு நல்லாவா இருக்கும்?

வெளிநாட்டில் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் என்று ஆரம்பிப்பார்கள். நம் பீரோவுக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே எதோடும் சேரும் நிறங்கள் வேறு: அரக்கு, கறுப்பு, கருநீலம், பாட்டில் பச்சை, கொஞ்சம் மங்கின தங்க நிறம், அரைவெள்ளை. நம் சேலைக் கரைகளைப் பாருங்கள், பெரும்பாலும் இந்த நிறங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சேர்த்துப் பார்த்தே பழகிய கண் நம்முடையது.

பேன்ட்டில் கறுப்பு ஒன்று, அரைவெள்ளை ஒன்று, அரக்கு அல்லது கருநீலம் ஒன்று எடுங்கள். தூய வெள்ளை வேண்டாம். எங்கள் தெருவில் போர் தண்ணீர். அதில் பத்துத் தடவை அலசினால் வெள்ளை பழுத்துவிடும். அரைவெள்ளையில் அந்தப் பழுப்பு தெரியாது.

கையில பத்தாயிரம்தான் இருக்கு. எதுல ஆரம்பிக்கணும்?

எல்லோரும் டாப்ஸில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் உள்ளாடையில் ஆரம்பியுங்கள். நான் சொல்லும்போது நிறையப் பேர் கூச்சத்தோடு சிரிப்பார்கள், ஆனால் தையல்காரியாக இதை அழுத்தியே சொல்வேன்: உள்ளே அளவு சரியில்லையென்றால் மேலே எவ்வளவு விலைத் துணி போட்டாலும் தோளும் மார்பும் சரியாக உட்காராது. அதற்கு 1,200 ஒதுக்குங்கள். அடுத்து பேன்ட்: இரண்டு லெக்கின்ஸ் 600, நேராக வெட்டிய காட்டன் பேன்ட் ஒன்று 550. பிறகு டாப்ஸ், ஒன்று 500 வீதம் ஐந்துக்கு 2,500. ஷால் இரண்டு 400.

இதுவரை 5,250. சேலை இரண்டு 2,200 என்று வையுங்கள். பிளவுஸ் துணி, லைனிங், தையல்கூலி சேர்த்து ஒன்றுக்கு 580 வீதம் இரண்டுக்கு 1,160. உள்பாவாடை இரண்டு 440. தினமும் போட ஒரு நல்ல செருப்பு 600. மொத்தம் 9,650. மிச்சம் 350 ரூபாயை வேறெதற்கும் தொடாதீர்கள். சேலைக்கு ஓரம் அடிக்க, டாப்ஸைப் பிடித்துத் தைக்க அது வேண்டும்.

ஆபீஸில் சேலை கட்டுகிற வழக்கமே இல்லையென்றால் சேலை, பிளவுஸ், பாவாடைப் பணம் 3,800 அப்படியே மிஞ்சும். அதில் இன்னும் இரண்டு டாப்ஸ் எடுத்துக்கொண்டு மீதியை வைத்திருங்கள்.

ஒரே பிளவுஸை எத்தனை சேலைக்குப் போட முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. என்னிடம் தைக்கும் ஒரு டீச்சரம்மாவிடம் பதினோரு காட்டன் சேலை இருக்கிறது, பிளவுஸ் நான்குதான். அரக்கு, கறுப்பு, பாட்டில் பச்சை, மங்கின தங்க நிறம். வருடா வருடம் அந்த நான்கை மட்டும் புதிதாகத் தைப்பார். சேலை பழையதாக இருக்கும், பிளவுஸ் மட்டும் நிறம் மங்காமல் கச்சிதமாக இருக்கும். பார்க்கிறவர்கள் சேலையையே புதிது என்று நினைப்பார்கள்.

இதற்கு மேட்சிங் கடையில் டூ பை டூ ரூபியா துணி கேளுங்கள். விளக்குத்தூண் பக்கம் இந்தத் துணிக்கென்றே கடைகள் இருக்கின்றன. நடுத்தர உடம்புக்கு 80 சென்டிமீட்டர் போதும். முழங்கை வரை கை வைப்பதென்றால் ஒரு மீட்டர். கழுத்து வட்டமோ சதுரமோ சாதாரணமாக இருக்கட்டும். முதுகில் ஜன்னல், முத்து, லேஸ் என்று வைத்தால் அந்தப் பிளவுஸ் ஒரு சேலைக்கு மட்டும் சொந்தமாகிவிடும்.

சேலையோடு வரும் பிளவுஸ் துணியைத் தைத்தே ஆக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அதே நிறத்தில் அதே கோடுகளோடு இருந்தால் வேறு சேலைக்குப் போடுவது கஷ்டம். வெட்டி மடித்து வையுங்கள். வெட்டாமல் கட்டினால் கொசுவம் தடித்து இடுப்பைப் பெரிதாகக் காட்டும்.

காட்டன் சேலைன்னா கஞ்சி, இஸ்திரின்னு வேலை. எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுறவளுக்கு இது சரிப்படுமா?

சேலையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி கொஞ்சம் கனமான நெசவு, பெரிய கட்டம், அழுத்தமான நிறம். கஞ்சி இல்லாமலே கொசுவம் நிற்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது. பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் காட்டனும் தினசரிக்கு ஏற்றது. அதற்கு 2023இல் குறியீடு கிடைத்தது. மெல்லிய சேலைகள் தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் கசங்கிவிடும். அவை வீட்டுக்கு நல்லது.

துவைத்ததும் முறுக்கிப் பிழியாதீர்கள். உதறி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்து, நிழலில் காயப்போடுங்கள். முக்கால் பங்கு காய்ந்ததும் எடுத்து மடித்து, தலையணைக்கு அடியிலோ கனமான பெட்டிக்கு அடியிலோ ராத்திரி வைத்தால் இஸ்திரிக்குப் பாதி வேலைதான் மிஞ்சும். கஞ்சி வேண்டுமென்றால் வடிகஞ்சி ஒரு டம்ளர், அரை வாளித் தண்ணீர், அது போதும். கெட்டியாகப் போட்டால் மடிப்போரங்களில் நூல் சீக்கிரம் விட்டுப்போகும்.

கடைக்காரர் சுத்தக் காட்டன்னு சத்தியம் பண்றார். எப்படி நம்புறது?

ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று, தனித்தனியாக. பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் தூளாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கறுப்பாகக் கெட்டியான மணி போல நிற்கும், பிளாஸ்டிக் வாசம் வரும். இரண்டு பக்கமும் ஏன் என்றால், பாவில் ஒரு நூலும் ஊடையில் ஒரு நூலும் கலந்து நெய்வதும் உண்டு. கடைக்குள் வைத்து இதைச் செய்ய முடியாது. ஒரு சேலை வாங்கி வீட்டில் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் அடுத்ததற்கு அதே கடைக்குப் போங்கள்.

கடையிலேயே செய்யக்கூடியது, உள்ளங்கையில் ஒரு பிடி துணியை இறுக்கிப் பிடித்து விடுவது. பருத்தியில் சுருக்கம் விழும். சுருக்கமே விழாமல் விரிந்தால் கலப்பு என்று சந்தேகப்படலாம். கைத்தறி என்று சொல்லி விற்றால் 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

சுங்குடி எடுக்கலாமா? எங்க பாட்டி கட்டுற சேலை மாதிரி இருக்காதா?

எடுங்கள், கண்டிப்பாக எடுங்கள். எங்கள் ஊர்ச் சேலை என்பதால் மட்டும் சொல்லவில்லை. லேசானது, வேர்வையை இழுக்கும், புள்ளி வேலை என்பதால் கசங்கினாலும் அவ்வளவாகத் தெரியாது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சுப் போட்டு, பிறகு சாயத்தில் முக்கியெடுப்பார்கள். ஒரு சேலைக்கு முடிச்சு ஆயிரக்கணக்கில் போகும். அப்படி முடிச்சுப் போட்ட சேலையில் புள்ளி கச்சிதமான வட்டமாக இருக்காது. நடுவில் சின்னதாக ஒரு மேடு எழும்பி நிற்கும், விரலால் தடவினால் தெரியும். 500, 600 ரூபாய்க்குக் கிடைப்பவை அச்சிலும் மெழுகிலும் போட்டவை. தினசரிக்கு அவையே போதும். ஆனால் முடிச்சுச் சேலைக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பாட்டி மாதிரி தெரிவது சேலையால் இல்லை, தொளதொளவென்ற பிளவுஸால். மேலே சொன்ன கறுப்பு ரூபியா பிளவுஸை அளவாகத் தைத்துப் போட்டு, அரக்குச் சுங்குடி கட்டிப் பாருங்கள்.

புதுத்துணி முதல் துவையலிலேயே சாயம் விட்டு எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. உப்புல ஊறவெச்சா நிக்கும்னாங்களே?

உப்பை நம்பி வெள்ளையோடு சேர்த்துப் போடாதீர்கள். அடர்நிறம் எதுவானாலும் முதல் மூன்று துவையல் தனியாக, பச்சைத் தண்ணீரில். ஊறவைக்கக் கூடாது, அலசி உடனே எடுக்க வேண்டும். ஈரமாகவே மடித்து வாளியில் போட்டு வைத்தால் சேலைக் கரையின் சாயம் நடுத்துணிக்கு ஏறும்; ஏறினதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

லெக்கின்ஸ் ரெண்டே மாசத்துல முட்டியில தொங்கிடுது. நூறு ரூபாயா, முந்நூறு ரூபாயா, எதை எடுக்குறது?

முந்நூறு ரூபாயே மலிவு. லேபிளில் பருத்தி 95, எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் 5 என்று இருந்தால் நல்லது. நீளத்திலும் அகலத்திலும் இழுத்து விடுங்கள், இரண்டு பக்கமும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கையை உள்ளே விட்டு விரித்துப் பாருங்கள், ரேகை தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

ஒரு லெக்கின்ஸைத் தொடர்ந்து இரண்டு நாள் போடாதீர்கள், எலாஸ்டிக்குக்கும் ஓய்வு வேண்டும். வெந்நீர் வேண்டாம், உச்சி வெயிலும் வேண்டாம். நாள் முழுவதும் உட்கார்ந்து எழுகிற வேலை என்றால் லெக்கின்ஸை ஒன்றாகக் குறைத்து, நேர்வெட்டு காட்டன் பேன்ட்டை இரண்டாக்குங்கள். அதில் முட்டி தொங்கும் பேச்சே இல்லை.

ரெடிமேட் வாங்குறதா, துணி எடுத்துத் தைக்கிறதா? எது சிக்கனம்?

என் தொழிலுக்கு எதிராகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டாப்ஸுக்கு ரெடிமேட்தான் சிக்கனம். இரண்டரை மீட்டர் துணி, லைனிங், கூலி என்று கூட்டினால் 500 ரூபாய் டாப்ஸ் 900இல் வந்து நிற்கும். ரெடிமேடை எடுத்து, தோளிலும் பக்கவாட்டிலும் பிடிக்கச் சொல்லுங்கள். நான் அதற்கு 60, 70 ரூபாய் வாங்குகிறேன். தோள்பட்டை சரியாக உட்கார்ந்துவிட்டால் மலிவு டாப்ஸ் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தோள் பெரிதாக இருந்தால் பிடிக்கலாம். சின்னதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, எடுக்காதீர்கள்.

பிளவுஸும், உயரமோ உடல்வாகோ ரெடிமேடுக்குள் அடங்காதவர்களின் பேன்ட்டும் தைப்பதுதான் நல்லது. தைக்கக் கொடுக்கும் முன் காட்டனை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். லைனிங்கையும் சேர்த்துத்தான். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் பிளவுஸ் உள்ளே இழுத்துக்கொண்டு முன்பக்கம் சுருக்கம் விழும்.

ஆன்லைன்ல எடுத்தா சைஸே சரியா வரமாட்டேங்குது.

எம், எல், எக்ஸெல் என்ற எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியில் எம். உங்களிடம் நன்றாகப் பொருந்தும் டாப்ஸை மேஜையில் விரித்து, அக்குளுக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 19 அங்குலம் வந்தால் உங்களுக்கு வேண்டியது 38. கடைப் பக்கத்தில் போட்டிருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு 36 என்றால் துணி 38, 39 இருக்க வேண்டும்.

எனக்கு எடை ஏறும், இறங்கும். ஒவ்வொரு தடவையும் புதுசா வாங்க முடியுமா?

தைக்கும்போதே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்: "பக்கத்துக்கு ஒரு இஞ்ச் உள்ளே விடுங்க, மூணு தையல் போடுங்க." உடம்பு ஏறினால் உள்பக்கத்துத் தையலைப் பிரித்தால் போதும், அடுத்த தையல் ஏற்கெனவே அங்கே காத்திருக்கும். பிளவுஸைக் கொண்டுவந்து என் எதிரில் நின்றால் ஐந்து நிமிடத்தில் பிரித்துக் கொடுப்பேன். துணி விடாமல் வெட்டிய பிளவுஸோடு வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

பிள்ளை பெற்று வந்திருக்கும் அம்மாக்களுக்கு ஒன்று: பழைய அளவுக்கு வருவேன் என்று எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு இரண்டு நைட்டியில் காலம் தள்ளாதீர்கள். இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு மூன்று டாப்ஸ், இரண்டு பேன்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடித் தள்ளுபடியில அள்ளிட்டு வந்தேன். பாதி கட்டவே இல்ல. எங்க தப்பு பண்ணினேன்?

தள்ளுபடிக்குப் போகும் முன் உங்கள் பேன்ட், பிளவுஸ் ஒவ்வொன்றிலும் உள்தையலிலிருந்து ஒரு விரல் அகலத் துணி வெட்டி, ஒரு ஊக்கில் கோத்துப் பர்ஸில் வையுங்கள். கடையில் ஒரு சேலை பிடித்திருந்தால் அந்த ஊக்கை எடுத்து மேலே வைத்துப் பாருங்கள், குழல்விளக்கில் இல்லை, வாசல் வெளிச்சத்தில். அந்தத் துண்டுகளில் ஒன்றாவது சேர்ந்தால் எடுங்கள். இல்லையென்றால் அந்தச் சேலைக்குப் பின்னால் ஒரு பிளவுஸ் செலவும் வரும், தள்ளுபடி அதிலேயே போய்விடும்.

ஆடியில் பழைய இருப்பு அதிகம் வெளியே வரும். சேலையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மடிப்புக் கோட்டில் நிறம் வெளுத்திருந்தாலோ நூல் விலகியிருந்தாலோ வேண்டாம். கைத்தறிக்கு நான் தீபாவளி வரை காத்திருப்பேன். 1935இலிருந்து இருக்கும் கோ-ஆப்டெக்ஸில் அப்போது 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். மாதா மாதம் கட்டும் சேமிப்புத் திட்டமும் அங்கே உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

கல்யாணம், வளைகாப்புன்னு வந்துட்டே இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பட்டு எடுக்க முடியுமா? அதே சேலையைக் கட்டினா சொல்லிக் காட்டுறாங்க.

சொல்லிக் காட்டுவார்கள்தான், அந்த வலி சின்னதில்லை. கோவைப் பக்கத்துக் கோரா காட்டன் ஒன்று எடுத்து வையுங்கள். பட்டு நூலும் பருத்தி நூலும் சேர்ந்த நெசவு. பட்டின் மினுமினுப்பு இருக்கும், விலை அவ்வளவு இருக்காது. அதற்கு இரண்டு பிளவுஸ்: கரை நிறத்தில் ஒன்று, மங்கின தங்க நிறத்தில் ஒன்று. நகையையும் மாற்றினால் இரண்டு சேலை மாதிரி இருக்கும்.

அம்மாவின் பட்டு பீரோவில் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. மடிப்பு இடத்தை இரண்டு கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியவில்லை என்றால் இன்னும் பல வருடம் வரும். மடிப்பை மாற்றி மாற்றி மடித்து வையுங்கள். அந்தக் காலத்துப் பிளவுஸை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

நீங்க சொன்னபடிதான் எல்லாம் எடுத்தேன். ஆனாலும் ரெண்டே ரெண்டு டாப்ஸைத்தான் திரும்பத் திரும்பப் போடுறேன். ஏன்க்கா?

அந்த இரண்டில்தான் பதில் இருக்கிறது. பெரும்பாலும் நிறத்தால் இருக்காது. கை தூக்கும்போது பிடிக்காது, கழுத்தை இழுத்துவிட வேண்டியிருக்காது, உட்கார்ந்தால் பக்கத்துப் பிளவு விலகாது. மற்றவை அங்கங்கே தொந்தரவு செய்யும், அதனால் கை தானாக அந்த இரண்டுக்கே போகிறது.

போடாமல் வைத்திருக்கும் டாப்ஸ் ஒன்றை ஒரு நாள் முழுக்கப் போட்டுவிட்டு, கழற்றியபடியே துவைக்காமல், இஸ்திரி போடாமல் எடுத்து வாருங்கள். கூடவே நீங்கள் விரும்பிப் போடும் டாப்ஸையும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். கழற்றிய துணியில் சுருக்கம் எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் உங்களைப் பிடித்திருக்கிறது. அக்குளிலிருந்து மார்புக்குச் சாய்வாகக் கோடு ஓடினால் கைச்சுற்று பத்தவில்லை, இடுப்பில் குறுக்காக ஓடினால் பக்கவாட்டில் கால் இஞ்ச் விட வேண்டும். அதைப் பார்த்தால் எந்தத் தையல்காரரும் எங்கே பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.